ஸ்கேன் சீடியைப் போட்டோவாக மாற்றும்போது எதெல்லாம் தொலைகிறது

வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய சந்துகளில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. ஒருவர் பெரிய கவரோடு வருவார். கவருக்குள் ஃபிலிம், ரிப்போர்ட், உறையில் போட்ட ஒரு சீடி. அவர் மேற்கு வங்கத்திலிருந்தோ ஜார்கண்டிலிருந்தோ ரயிலேறி காட்பாடியில் இறங்கியவராக இருக்கலாம். பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்தவராகவும் இருக்கலாம். கேட்பது ஒன்றுதான்: "இந்த சீடில இருக்கிறத போட்டோவா மாத்தி போன்ல ஏத்திக் குடுங்க."

டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலை வளர்ந்து சி.எம்.சி. ஆனது. அதைச் சுற்றி லாட்ஜும் மெஸ்ஸும் வங்காள எழுத்துப் பலகைகளுமாக ஊரின் ஒரு பகுதியே உருவாகிவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, ஆரணி என்று பழைய வடாற்காடு மாவட்டம் முழுக்கவும் பெரிய வைத்தியம் என்றால் வேலூர்தான். அதனால் இந்த ஊரில் ஸ்கேன் சீடிகள் அதிகம். அவற்றைத் திறக்க முடியாமல் திண்டாடுபவர்களும் அதிகம். நான் பத்து வருடத்துக்கு மேலாக இந்த வேலையைச் செய்கிறேன். முதல் சில வருடங்கள் தப்பாகச் செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தார்கள். வெளியூரில் டாக்டராக இருக்கும் அக்கா மகனுக்குப் படங்களை அனுப்ப வேண்டும். நான் சீடியைப் போட்டேன், மென்பொருள் காட்டியதை அப்படியே ஜேபெக் (சாதாரண போட்டோ ஃபைல்) படங்களாக எடுத்தேன், போனில் ஏற்றிக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். "இன்னா தம்பி, மண்டையோடு மட்டும்தான் வெள்ளையா தெரியுதாம். உள்ள ஒண்ணுமே தெரியலைன்றான்." அந்த டாக்டரே போனில் வந்து பொறுமையாகச் சொன்னார்: "எல்லாத்தையும் போன் விண்டோல எடுத்திருக்கீங்கண்ணா. பிரெயின் விண்டோல எடுங்க." அவர் சொன்ன போன் என்பது எலும்பு. அன்றைக்கு அதுகூட எனக்குப் புரியவில்லை.

இப்போது புரிந்ததை எழுதுகிறேன்.

சீடியில் இருப்பது நாம் போனில் எடுப்பது மாதிரியான போட்டோ இல்லை. அதன் பெயர் டைகாம். 1970-களில் சி.டி. ஸ்கேன் மெஷின்கள் வந்தபோது ஒவ்வொரு கம்பெனியும் தன் படத்தைத் தன் வழியில் சேமித்தது. ஒரு மெஷினின் படத்தை இன்னொரு கம்பெனியின் திரையில் பார்க்க முடியாது. இதைச் சரிசெய்ய அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் அமைப்பும் மின்கருவி உற்பத்தியாளர் சங்கமும் 1983-ல் ஒரு குழு அமைத்தன. 1985-ல் முதல் பொதுத்தரம் வந்தது. இரண்டு கருவிகளை 50 ஊசி கொண்ட ஒரு கேபிளால் இணைப்பதுதான் அதன் வழி. 1993-ல் நெட்வொர்க் வழியாக அனுப்பும் வசதியோடு, டைகாம் என்ற பெயரில் அது புதிதாக வந்தது. மெஷினும் மெஷினும் பேசிக்கொள்ள உண்டான மொழி இது. நோயாளி தன் போனில் பார்ப்பார் என்று அப்போது யாரும் நினைத்திருக்க வழியில்லை.

சீடியைத் திறந்தால் பல நேரம் பெயருக்குப் பின்னால் புள்ளியோ வகையோ இல்லாத ஃபைல்கள் வரிசையாக இருக்கும். வெறும் எண்கள், அல்லது ஐ.எம். என்ற எழுத்தும் எண்ணும். விண்டோஸுக்கு அவை என்னவென்றே தெரியாது. ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 128 பைட் சும்மா விடப்பட்டிருக்கும், அதன் பின் டி, ஐ, சி, எம் என்று நான்கு எழுத்து. அந்த நான்கு எழுத்துதான் அடையாளம். அடுத்து நோயாளியின் பெயர், வயது, ஸ்கேன் எடுத்த நாள், மெஷின், ஒரு துண்டின் (உடம்பைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது போன்ற ஒவ்வொரு படமும் ஒரு துண்டு) தடிமன், ஒரு புள்ளிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று பெரிய பட்டியல். கடைசியில்தான் படம். அந்தப் படமும் கறுப்பு வெள்ளைச் சாயல்களாக இல்லாமல் எண்களாகவே இருக்கிறது.

இந்த எண்கள்தான் விஷயத்தின் உயிர்.

சி.டி. ஸ்கேனை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் ஓர் அளவு உண்டு. உடம்பின் ஒவ்வொரு இடமும் எக்ஸ்ரே கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்வது அது. 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் தலையை அவர் கருவியில் படம் எடுத்தார்கள். 1979-ல் அவருக்கும் ஆலன் கோர்மேக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அளவில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. கொழுப்பு மைனஸ் 100-க்குப் பக்கத்தில் வரும். எலும்பு சில நூறுகளில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். மெஷின் ஒவ்வொரு புள்ளிக்கும் பொதுவாக 4096 படிகளில் ஓர் எண்ணைப் பதிந்து வைக்கிறது. ஜேபெக் படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிதான் உண்டு. 4096-ஐ 256-க்குள் அடைத்தால் ஏதோ ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுவது என்று மாற்றுகிறவர் முடிவு செய்கிறார், அல்லது அவருக்குத் தெரியாமல் மென்பொருள் முடிவு செய்கிறது.

விறகுக்கடைத் தராசில் ஒரு மூக்குத்தியை வைத்துப் பாருங்கள், முள் அசையாது. அதில் மூட்டை மூட்டையாக நிறுக்கலாம். மூக்குத்திக்கும் தோட்டுக்கும் உள்ள எடை வித்தியாசத்தை அதில் பார்க்க முடியாது, அதற்கு நகைக்கடைத் தராசு வேண்டும். அதில் விறகை வைக்க முடியாது. டாக்டர்கள் விண்டோ என்று சொல்வது இந்தத் தராசைத்தான். எலும்பைப் பார்க்கிற விண்டோவில் ஏறக்குறைய 2000 அளவெண்களை 256 சாயலுக்குள் பரப்புகிறார்கள். ஒரு சாயலுக்கு எட்டு அளவெண் போய்விடும். மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் உள்ள வித்தியாசமே சுமார் 10 அளவெண்தான். எலும்பு விண்டோவில் அது ஒரே ஒரு சாயல் வித்தியாசமாகச் சுருங்குகிறது, எந்தக் கண்ணுக்கும் தெரியாது. மூளை விண்டோவில் 0 முதல் 80 வரை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த 80-ஐ 256 சாயலில் விரிக்கிறார்கள். அதே 10 அளவெண் இப்போது முப்பது சாயல் வித்தியாசமாகத் தெரிகிறது. புதிதாகக் கசிந்த ரத்தம் மூளையைவிட அளவெண் கூடுதலாக இருப்பதால் வெள்ளையாக எழும்பி நிற்கும். அந்த அக்கா கொண்டுவந்த சீடியில் மூளை முழுதாக இருந்தது. அதைப் பார்க்க முடியாத தராசில் வைத்து எடுத்துக் கொடுத்தவன் நான்.

நெஞ்சு ஸ்கேனிலும் இதே கதைதான். நுரையீரல் காற்று நிறைந்தது, அதன் அளவெண் மைனஸ் 700, 800 என்று கீழே கிடக்கும். சாதாரண சதை விண்டோவில் எடுத்தால் நுரையீரல் இருக்க வேண்டிய இடம் இரண்டு கறுப்புக் குழிகளாக இருக்கும். ஆகவே ஒரே துண்டை நுரையீரல் விண்டோவில் ஒரு தரம், சதை விண்டோவில் ஒரு தரம் என்று தனித்தனியாக எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் பல டைகாம் மென்பொருள்களில் இந்த விண்டோக்கள் பெயரோடு தயாராக இருக்கின்றன. ஒரு க்ளிக்கில் மாறும். மாற்ற வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

எம்.ஆர்.ஐ. வேறு மாதிரி. அதில் தண்ணீர் 0 என்பது போல் நிலையான அளவு கிடையாது. அங்கே சிக்கல் வரிசைகளில் இருக்கிறது. ஒரே தலையை டி1, டி2, ஃபிளேர், டிஃப்யூஷன் என்று பல முறைகளில் எடுப்பார்கள். டி1 படத்தில் தண்ணீர் கறுப்பாக இருக்கும், டி2-வில் வெள்ளையாக இருக்கும். எந்த வரிசை எது என்ற பெயர் டைகாம் பட்டியலில் இருக்கிறது. ஜேபெக் ஆக்கி ஒரே ஃபோல்டரில் கொட்டிவிட்டால் அந்தப் பெயர் போய்விடும். முன்னூறு படத்தில் எது எந்த முறை என்று பார்க்கிறவர் ஊகிக்க வேண்டியதாகிவிடும். அதனால் ஒவ்வொரு வரிசைக்கும் தனி ஃபோல்டர் போட்டு அதன் பெயரையே ஃபோல்டருக்கு வைக்கிறேன். அனுபவமுள்ள டாக்டர் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார், சரி. அவர் நேரத்தை நாம் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

எக்ஸ்ரேயில் ஒரு தனித் தொல்லை உண்டு. சில மெஷின்கள் சின்ன எண்ணைக் கறுப்பாகக் காட்டச் சொல்லிப் பதியும், சில மெஷின்கள் சின்ன எண்ணை வெள்ளையாகக் காட்டச் சொல்லும். அந்தக் குறிப்பும் பட்டியலில்தான் இருக்கிறது. அதைப் படிக்காத மாற்றும் மென்பொருள் படத்தைத் தலைகீழாக்கிவிடும், எலும்பு கறுப்பாகவும் காற்று வெள்ளையாகவும் வரும். பழைய போட்டோ நெகட்டிவ் மாதிரி இருந்தால் இதுதான் காரணம். படம் முழுக்கவே கறுப்பாக வந்தால், விண்டோ குறிப்பைப் பார்க்காமல் எண்களை அப்படியே சாயலாக்க முயன்றிருக்கிறது என்று அர்த்தம். சீடி கெட்டுவிட்டதோ என்று பயந்து மறுபடி ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சீடியில் ஒரு கோளாறும் இருக்காது.

இடம் வலம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஸ்கேன் படத்தில் நோயாளியின் வலது பக்கம் நமக்கு இடது பக்கமாக இருக்கும், எதிரே நிற்பவரைப் பார்ப்பது போல. எந்தப் பக்கம் எது என்பது டைகாமுக்குள் எண்ணாகவே பதிந்திருக்கிறது. மாற்றிய படத்தில் அது இருக்காது, ஓரத்தில் தெரியும் ஆர், எல் எழுத்துகள் மட்டுமே சாட்சி. போனில் திருப்பி, வெட்டி, ஸ்டேட்டஸுக்கு வைக்கிற பழக்கத்தில் அந்த எழுத்தும் போய்விட்டால், கட்டி எந்தப் பக்கம் என்று படத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்வது கஷ்டம். அதனால் பெயரை மறைத்தாலும் ஆர், எல் எழுத்துகளை நான் மறைப்பதில்லை.

அளவும் போகிறது. ஒரு புள்ளிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற குறிப்பு இருப்பதால்தான் டைகாமில் கோடு போட்டு கட்டியை அளக்க முடிகிறது. ஆறு மாதம் முன்பு 8 மில்லிமீட்டர், இப்போது 10 என்பது ஒரு குடும்பத்தின் தூக்கத்தையே மாற்றும் வித்தியாசம். ஜேபெக்கில் அதை அளக்க வழியில்லை. ஓரத்தில் ஒரு அளவுகோல் தெரியும்படி எடுத்தால் ஓரளவு உதவும், அதுவும் ஓரளவுதான்.

மாற்றிய ஜேபெக்கைத் திரும்ப டைகாம் ஆக்க முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். உறையை மாற்றலாம். டைகாம் உறைக்குள் ஜேபெக்கைப் போட்டுக் கொடுக்கும் மென்பொருள் உண்டு. ஆனால் போன அளவெண்கள் திரும்பி வராது. அரைத்த மாவை அரிசியாக்க முடியாது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கவரில் இருக்கும் அந்தப் பெரிய ஃபிலிமும் இதே மாதிரி ஒரு மாற்றம்தான். நூற்றுக்கணக்கான துண்டுகளில் இருந்து சிலவற்றைத் தேர்ந்து, ஒரு விண்டோவில் வைத்து, இருபது இருபத்துநாலு படங்களாக அடுக்கி அச்சடித்தது அது. ஆனால் அதைத் தேர்ந்தவர் ஸ்கேன் தெரிந்தவர். நாங்கள் கடையில் உட்கார்ந்து மாற்றும்போது தேர்வு செய்கிறவர் ஸ்கேன் தெரியாதவர். வித்தியாசம் அங்கேதான் வருகிறது. எந்தத் துண்டு முக்கியம் என்று நான் முடிவு செய்யக் கூடாது. ரிப்போர்ட்டில் துண்டு எண் குறிப்பிட்டிருந்தால் அதை எடுக்கிறேன். இல்லாவிட்டால் முழு வரிசையையும் எடுக்கிறேன்.

படமாக எடுப்பதே சரி என்று ஆகிவிட்டால், சில விஷயங்களில் நான் விடாப்பிடியாக இருக்கிறேன். திரையைப் போனில் போட்டோ பிடிக்கக் கூடாது, கோடு கோடாக அலை விழும், ட்யூப்லைட் பிரதிபலிக்கும். வீசிஸ் போன்ற இலவச மென்பொருளில் எக்ஸ்போர்ட் கொடுத்து எடுக்க வேண்டும். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஹோரோஸ் இருக்கிறது. ஜேபெக்கைவிட பிஎன்ஜி என்ற பட வகை நல்லது. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, நுணுக்கத்தைக் கொஞ்சம் விட்டு அளவைச் சுருக்குகிறது. கல்யாண போட்டோவில் அது தெரியாது, மெல்லிய எலும்புக் கீறலில் அந்த நுணுக்கம்தான் விஷயம். பிஎன்ஜி எதையும் விடாமல் சுருக்குகிறது. ஜேபெக்தான் வேண்டுமென்றால் தரத்தை 95-க்கு மேல் வைக்கிறேன். முழு வரிசையை வீடியோவாக எடுக்கும் வசதியும் சில மென்பொருளில் உண்டு. டாக்டர்கள் துண்டு துண்டாக உருட்டிப் பார்ப்பது போலவே அதை ஓட்டிப் பார்க்கலாம் என்பதால், போனில் பார்ப்பவர்களுக்கு அது முன்னூறு தனிப் படங்களைவிடப் பயன்படுகிறது.

அப்புறம் வாட்ஸ்அப். கஷ்டப்பட்டு எடுத்த படத்தை கேலரி வழியாக அனுப்பினால் அது மறுபடியும் சுருக்கிவிடும். சி.டி. ஸ்கேனின் ஒரு துண்டு பெரும்பாலும் 512-க்கு 512 புள்ளிதான், அதற்குப் பாதிப்பு குறைவு. எக்ஸ்ரே இரண்டாயிரம், மூவாயிரம் புள்ளி அகலம் இருக்கும், அது பலமாக அடிபடும். டாக்குமென்ட் என்று இணைத்து அனுப்பினால் ஃபைல் அப்படியே போய்ச் சேரும்.

இணையத்தில் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று நிறைய தளங்கள் இருக்கின்றன. நான் அவற்றைத் தொடுவதில்லை. டைகாமை ஏற்றினால் படத்தோடு பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் எல்லாம் யாரோ ஒருவரின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. கூடச் செலவில்லாமல் கடைக் கம்ப்யூட்டரிலேயே செய்யக்கூடிய வேலை இது. அல்ட்ராசவுண்ட் படங்களில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அவற்றில் பெயர் பட்டியலில் மட்டும் இல்லாமல் படத்தின் மேலேயே பதிந்திருப்பது வழக்கம். பட்டியலை நீக்கினாலும் அது நிற்கும். உறவுக்கார வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் வெட்ட வேண்டியது அதைத்தான். கடைக் கம்ப்யூட்டரில் எடுத்த நகலை, ஆள் படியிறங்கும் முன் அவர் கண்ணெதிரே அழித்துவிடுகிறேன். வெளியூரிலிருந்து வந்து, மொழி தெரியாமல், உடம்பின் உள்ளே இருப்பதை என் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறவருக்கு நான் அதையாவது செய்ய வேண்டும்.

டாக்டருக்கு அனுப்பத்தான் என்றால், பல நேரம் மாற்றவே தேவையில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 512-க்கு 512 புள்ளி, புள்ளிக்கு இரண்டு பைட், ஒரு துண்டு அரை எம்பி. முன்னூறு துண்டு என்றால் 150 எம்பி. வாட்ஸ்அப்பில் 2022-லிருந்து டாக்குமென்டாக 2 ஜிபி வரை அனுப்பலாம். சீடியின் முழு ஃபோல்டரையும் ஜிப் செய்து அனுப்பினால் அந்தப் பக்கம் டாக்டர் தன் கம்ப்யூட்டரில் திறந்து, தனக்கு வேண்டிய விண்டோவில், தனக்கு வேண்டிய துண்டைப் பார்த்துக்கொள்வார். குடியாத்தம் அக்காவுக்குக் கடைசியில் அப்படித்தான் செய்தேன். டைகாம்டிர் என்று ஒரு ஃபைல் சீடியில் இருக்கும். எந்தப் படம் எந்த வரிசை என்பதற்கான அட்டவணை அது. சும்மா இருக்கிறதே என்று அதை விட்டுவிட்டு நகலெடுக்கக் கூடாது. இப்போது சில ஸ்கேன் சென்டர்களில் சீடிக்குப் பதில் லிங்க் தருகிறார்கள். சில லிங்குகள் குறிப்பிட்ட நாளோடு நின்றுவிடும் என்பதால் கிடைத்த வாரத்திலேயே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

சீடியைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று சொன்னால் பீரோவில் வைத்திருக்கிறோம் என்பார்கள். எழுதக்கூடிய சீடியில் தகவல் ஒரு சாய அடுக்கில் பதிகிறது, வெயிலும் சூடும் அதற்கு ஆகாது. வேலூர் மே மாத வெயிலில் பைக் பெட்டிக்குள்ளோ பஸ் ஜன்னலோரமோ போய் வந்த சீடிகள் பல திறப்பதே இல்லை. புது லேப்டாப்களில் சீடி போடும் இடமே கிடையாது என்பது தனிக் கதை. ஆகவே கடைக்கு வருகிறவர் படம் மட்டும் கேட்டாலும் முழு ஃபோல்டரையும் அவர் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிறேன். ஃபோல்டர் பெயரில் ஸ்கேன் எடுத்த தேதியையும் உடம்பின் எந்தப் பகுதி என்பதையும் தமிழிலோ அவர் படிக்கும் மொழியிலோ எழுதுகிறேன். வங்காள எழுத்தில் தலை, நெஞ்சு, வயிறு என்ற மூன்று சொற்களை ஒரு லாட்ஜ் வாட்ச்மேன் அண்ணன் எனக்கு எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை மானிட்டருக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறேன்.